லாக் வேண்டாமென்ற மாமாவும் என் கல்யாண ஜீப்பும்

எங்கள் தாய்மாமாவுக்கு ஒரு பழைய ஜீப் இருந்தது. "நாலு வீலும் இழுக்கும், மரத்துலகூட ஏறும்" என்று பீற்றிக்கொள்வார். அது மரத்தில் ஏறியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்பு அதன் பின்பக்க டிஃபரன்ஷல் உடைந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்கிக்கொண்டு, இன்ஜின் சுற்றை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்குமே, அதுதான். மாமா பெல்மதுளை டவுனுக்குப் போனார். பார்ட்ஸ் கடை முதலாளி மூன்று வகை காட்டியிருக்கிறார். முதலாவது சாதாரணம்: எந்தச் சக்கரத்துக்குப் பிடி இல்லையோ, சுற்றெல்லாம் அதற்கே போய்விடும். உழைக்கிற பிள்ளையை விட்டுவிட்டு ஊர்சுற்றிக்குச் சோறு போடுகிற வீடு மாதிரி. இரண்டாவது, ஒன்று வழுக்கினால் மற்றதற்கும் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கும். மூன்றாவது லாக்: சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். தார் ரோட்டு வளைவில் போட்டு வைத்தால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். சேற்றில் அதுதான் தெய்வம்.

"லொக் எப்பா முதலாளி" என்று சிங்களத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டு, சாதாரணத்தையும் கூடவே பாட்டுப் பாடுகிற ஹோர்ன் ஒன்றையும் வாங்கி வந்தார் மனுஷன். அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ஓப்பநாயக்க டவுன் கோவிலுக்குப் போக வேண்டும். என்னை அழைத்துப் போக மாப்பிள்ளையின் அக்கா வந்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, சிரிக்காத முகம். தேயிலை மலையில் மழைத்தண்ணி ஓடுகிற கான் ஒன்றைக் கடக்கும்போது ஜீப் கோணலாக மாட்டிக்கொண்டது. முன்னால் வலது சக்கரம் அந்தரத்தில், பின்னால் இடது சக்கரம் சேற்றில். இரண்டும் காற்றாடியாகச் சுற்றின. தரையில் நின்ற மற்ற இரண்டும் அசையவே இல்லை. மாமா ஹோர்ன் அடித்துப் பார்த்தார். அது நன்றாகப் பாடியது.

முகூர்த்தம் தப்பினால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. ஜாதகம் சுமார்தான் என்று மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே முனகியவர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஜீப்புக்குப் பாரம் குறையட்டும் என்று எல்லோரும் இறங்கினார்கள். சக்கரம் இன்னும் ஜோராகச் சுற்றியது. அப்போதுதான் மாமாவின் பாடம் ஞாபகம் வந்தது: சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குப் பிடி வேண்டும், பிடிக்குப் பாரம் வேண்டும்.

அம்மாவையும் சித்தியையும் பின் பம்பரில் இடது பக்கம் ஏற்றிப் பார்த்தோம். இரண்டும் தேயிலைக் குச்சிகள், சக்கரம் மதிக்கவில்லை. ஆம்பிளைகள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆள், பட்டுச்சேலையோடு, குடைக்குக் கீழே.

"அண்ணி, நீங்களும் கொஞ்சம் ஏறி நின்னீங்கன்னா..."

அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள். "அடி பாவி, சம்பந்தி வீட்டு ஆள்டி!"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். சக்கரம் சேற்றை அவர் முந்தானை வரைக்கும் வாரி அடித்தது. பிறகு தரையைக் கவ்வியது. ஜீப் ஒரே உதறலில் மேலே ஏறிவிட்டது.

கோவில் வரைக்கும் அவர் முந்தானைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தார். மாமாதான் வாய் ஓயாமல், "பாத்தீங்களா, நாலு வீல்!" என்றார். தாலி கட்டுவதற்கு முன்பே நாத்தனாரைப் பகைத்துக்கொண்டேனே என்று நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

நல்லவேளை, முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற முடிச்சுகளுக்கு அண்ணி பின்னால் வந்தார். கழுவியும் போகாத சேறு விரலில் இருந்தது. இரண்டாவதைப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எடையப் பாத்துத்தானே என்னைய ஏறச் சொன்ன?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆமாங்க அண்ணி."

"என்கிட்ட சொல்லிட்ட, சரி. எங்கம்மாகிட்ட இப்பிடி உள்ளத உள்ளபடி சொல்லிறாத, வீடு ரெண்டாயிரும்" என்று மூன்றாவது முடிச்சை இறுக்கினார்.

அந்த நிமிஷம் எடுத்த கல்யாணப் போட்டோவில் எனக்குப் பல்லெல்லாம் தெரிகிறது.