கண்டக்டர் கொடுத்த குடை

கொட்டச்சேடு பஸ்ஸில் வரும் அந்தக் கண்டக்டருக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு மஃப்ளர் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் ஊதுவதற்கு முன், "கொடைய மறந்துறாதீங்க!" என்று குரல் கொடுப்பார். அப்படியும் நான் குடைகளைத் தொலைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் அவரிடம் செல்போனில் ஒரு குடையைக் காட்டினேன். சட்டைப் பையில் அடங்கிவிடும். நம்மைப் போன்றவர்கள் முன்பணம் கட்டினால்தான் செய்யவே தொடங்குவார்களாம். கட்டலாமா என்று கேட்டேன்.

"இன்னும் செய்யவே இல்லீங்களா?"

"அடுத்த வருஷம் வருமாம்."

"ஏனுங்க, அதுவரைக்கும் நனைவீங்களா?" டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார். "ஆரோ உட்டுட்டுப் போனதுங்க. கேட்டு வந்தா வாங்கிக்கறனுங்க."

நான் பணம் கட்டவில்லை. அந்தக் குடை சுலபமாக விரியும்; மடக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். பஸ் ஏறும்போதெல்லாம் அவரிடம் தூக்கிக் காட்டுவேன். "இன்னும் ஆரும் கேக்கலீங்க" என்று சிரிப்பார்.

போன வாரம் நல்ல மழை. கொட்டச்சேட்டில் பஸ்ஸைத் திருப்புவதற்காக அவர் இறங்கி, பின்னால் நின்று விசில் ஊதினார். தலையில் மஃப்ளர் மட்டும்தான், தொப்பலாக நனைந்திருந்தார். நான் ஓடிப்போய் அவருக்கு மேல் குடையைப் பிடித்தேன்.

பஸ் திரும்பியதும் மழையும் விட்டது. குடையை வாங்கி, அதைப் பார்க்காமலே கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். சட்டென்று மடங்கியது.

"இன்னும் ஆரும் கேக்கலீங்க" என்று அதை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் படியேறினார்.

அது யாருடைய குடை என்று நானும் கேட்கவில்லை.