முத்திரை வைத்த நன்றி

கணக்கு டீச்சருக்குக் காகிதத்தின் மேல் இருந்த நம்பிக்கை சாமியின் மேல்கூட இருந்ததில்லை. மூன்றாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய ஆறுதல் பரிசு முதல், டைப்பிங் லோயர் பாஸ் செய்தது, முதலுதவி முகாமில் இரண்டு நாள் கொட்டாவி விட்டது வரை அத்தனைக்கும் சான்றிதழ் இருந்தது. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள், தேதி வரிசையில், ஒரே நீல ஃபைலில். அந்த ஃபைலைக் கட்டிக்கொண்டு அலைந்துதான் வெளிநாட்டுப் பள்ளியில் வேலையும் அதற்கான விசாவும் வாங்கினாள். நேர்காணலில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. கனத்தைப் பார்த்தே கொடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வரும்போது மகளுக்கு வயது மூன்று. இப்போது ஏழு. முதல் விசா அவள் ஒருத்திக்கு மட்டும்தான். நான்கு வருடம் முடிந்து புதுப்பித்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அவசரக் குடுக்கையான கணவன், விசா கைக்கு வருமுன்பே பாப்பாவின் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டான். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு சின்னக் கட்டில் வாங்கி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் போட்டு, மஞ்சள் விரிப்பு விரித்து வைத்திருந்தாள். தினமும் காலையில் ஃபோனில் பாப்பா கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

"கட்டிலைக் காட்டும்மா."

காட்டுவாள். தலையணையைத் தட்டிக் காட்டுவாள். பாப்பா அங்கிருந்தே, பொம்மைக்கு இந்த ஓரம், எனக்கு அந்த ஓரம் என்று பாகம் பிரிப்பாள்.

வாரத்தில் ஐந்து நாள் மணி அடித்து அவளை இழுத்துக்கொண்டு போகும். சனிக்கிழமைக்குத்தான் மணி கிடையாது. ஒன்பது மணிக்குள் துணி துவைத்து, வீடு துடைத்து முடித்தால், அப்புறம் அந்தக் கட்டிலும் அவளும்தான். பார்த்துப் பார்த்து அழுகைதான் வரும். அப்படி ஒரு சனிக்கிழமை, தெருக்கோடியில் இருந்த முதியோர் இல்லத்தின் கதவில், உதவிக்கு ஆள் தேவை, சம்பளம் இல்லை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை நகம் வெட்டுவது. யாரும் செய்ய விரும்பாத வேலை. ஒரு டப் வெந்நீர், ஒரு துண்டு, பெரிய நகவெட்டி. மாட்டுக் கொம்பு போல் தடித்த கால் நகங்களை ஊறவைத்து, மடியில் துண்டை விரித்து, விரல் விரலாக வெட்டுவாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவளும் சிரித்த முகத்தோடு, "ஆடாம காலை நீட்டுய்யா கிழவா, ரத்தம் வந்தா என்னைச் சொல்லக் கூடாது" என்று தமிழில் சொல்வாள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் காலை நீட்டுவார். ஒரு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும்.

புதுப்பிக்கும் நேரம் வந்தது. இல்லத்து மேலாளர் நல்ல மனிதர். அவராகவே ஒரு தாளில் இரண்டு வரி நன்றி எழுதிக் கொடுத்தார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, வெறும் நன்றின்னு போட்டா வெயிட்டே இல்லீங்க. எத்தனை மணி நேரம்னு போடுங்க. வாரம் நாலு மணி, அம்பத்தி மூணு வாரம். இருநூத்திப் பன்னண்டு."

"அவ்வளவு கரெக்டா எதுக்கும்மா?"

"கணக்குன்னா கணக்குதானே. முத்திரையும் வச்சிடுங்க."

வைத்துக் கொடுத்தார். தன் செலவில் தானே சூனியம் வைத்துக்கொண்டு, அதற்கு முத்திரையும் கேட்டு வாங்கியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஃபைலைக் கொடுப்பதற்கு முன் அறிவியல் சாரிடம் காட்டினாள். அந்தப் பள்ளியில் தமிழ் பேசும் இன்னொரு ஆள் அவர்தான். மனைவியையும் மகனையும் போன வருடமே அழைத்துக்கொண்டவர். விசா சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; ஆசிரியர் அறையில் யாருக்குச் சந்தேகம் என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். மனைவியும் கணக்கு படித்தவர். வேலை செய்ய அனுமதி இருந்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார்.

"வரிசை சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இல்லத்துத் தாள் வந்ததும் நிறுத்தினார். இரண்டு தடவை படித்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"நல்லா பளிச்சுன்னு விழுந்திருக்கு டீச்சர். இதை எல்லாத்துக்கும் மேல வச்சிடுங்க."

மேலே வைத்தாள். தம்பி மாதிரி எவ்வளவு அக்கறை என்று அன்று அவருக்கு இரண்டு கப் காபி வேறு வாங்கிக் கொடுத்தாள். இப்போது நினைத்தாலும் நமக்கே வயிறு எரிகிறது.

பத்தாம் நாள் விசா அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு அப்பால் இருந்த அதிகாரி அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"இந்த மணிக்கணக்கு சரிதானா?"

"ஒரு நிமிஷம்கூட ஏறக்குறைய இருக்காதுங்க. நான் சொல்லித்தான் போட்டாங்க." சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது.

"உங்க விசா ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும். வெளியில வேலை செய்ய அனுமதி வாங்கினீங்களா?"

"இது வேலை இல்லீங்க, சேவை. பத்து பைசா வாங்கல."

"சம்பளத்தை நான் கேக்கலை. அனுமதி இருந்துதா?"

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை அழுது கெஞ்சியிருப்பாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "வெறும் நன்றின்னு இருந்திருந்தா நான் பாட்டுக்குப் புரட்டிட்டுப் போயிருப்பேன். இருநூத்திப் பன்னண்டு மணி நேரம்னு முத்திரையோட மேல இருந்தா நான் என்ன செய்ய?" என்றார். புதுப்பிக்க முடியாது. இருபத்தொரு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் மேலாளரிடம் ஓடினாள். அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இல்லத்தையும் விசாரிக்கிறார்களாம். "மன்னிச்சிடும்மா, இனிமே நீங்க உள்ள வரக் கூடாது" என்று சொல்லி, அவள் விட்டுப்போயிருந்த குடையை நீட்டினார். உள்ளே பஸ் டிரைவர் காலை நீட்டிக்கொண்டு யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. அன்று சனிக்கிழமை.

அடுத்த வாரம் பள்ளியில் அவள் இடத்துக்கு ஆள் போட்டார்கள். அறிவியல் சாரின் மனைவி. டீச்சர் பாடக் குறிப்பு, வருகைப் பதிவு, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். அந்தப் பெண் பாவம், "அக்கா, அக்கா" என்று கூடவே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், அறிவியல் சார் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், அந்தச் சின்னக் கட்டிலை என்ன பண்ணப் போறீங்க? பையனுக்கு ஆகும்."

அவள் அவரையே பார்த்தாள்.

"சார், அன்னிக்கு ஃபைலைப் பாத்தீங்களே. அந்தத் தாளைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் தலையைக் குனியவில்லை. பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"நீங்க வரிசைதான் கேட்டீங்க டீச்சர். அதைச் சொன்னேன்."

பஸ் டிரைவரிடம் ஒரு வருடம் வாங்கிக்கொண்ட வசவுகளில் ஒன்றுகூடச் சமயத்துக்கு உதவவில்லை. அவர் விரிப்பை மடித்து வைத்துவிட்டு, கட்டிலை நிதானமாகக் கழற்றினார். திருகாணிகளைத் தரையில் வரிசையாக வைத்தார். அவர் பலகைகளைக் கீழே கொண்டுபோன நேரத்தில் அவள் ஒரு திருகாணியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஒன்று குறைந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கட்டில் சரியும். சரியட்டும் என்றுதான் நினைத்தாள். அவர் திரும்பி வந்து, எண்ணிப் பார்த்துவிட்டுக் குனிந்து தேடினார்.

"இந்தாங்க," என்று கையைத் திறந்தாள். "படுக்கப் போறது குழந்தை."

அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஃபோன் அடித்தது. பாப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கணவன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நேரில் வந்து நீயே சொல்லிக்கொள் என்று விட்டிருந்தான்.

"கட்டிலைக் காட்டும்மா."

அவள் ஃபோனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல் இல்லம்மா," என்றாள் பாப்பா. "எதிர்ப் பக்கம். திருப்பு."