கை நனைக்காத விருந்து

அன்று காலை எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்துபோனது. அப்படித்தான் என் மனைவி சொன்னாள். ஒரு கப் பிளேன்டீயை நீட்டி, "டீ கொதிச்சதோட சிலிண்டர் காலிங்க. எப்படியும் மத்தியானம் அங்கதானே சாப்பாடு" என்றாள். அங்கே நான் சாப்பிடப் போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெறும் வயிற்றோடு என்னை அனுப்பியதில் ஒரு திட்டம் இருந்தது என்பது எனக்குப் புரிய மத்தியானம் வரை ஆனது.

விஷயம் இதுதான். டீச்சராக இருக்கும் என் மகள் ஒரு பையனை விரும்பினாள். பையன் ஒரு கோக்கி. வியட்நாமில் ஐந்து வருஷம் ஹோட்டல் குசினியில் வேலை செய்து, அந்த நாட்டுச் சமையலைப் பழகிக்கொண்டு திரும்பி வந்தவன். போதாக்குறைக்குத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். "நீங்க வேணாம்னா நான் அவரக் கட்டிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று மகள் என்னிடம் சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவள் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

நான் புளத்கொகுபிட்டிய டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் நான் மொதலாளி. என் அப்பா ரப்பர் பால் வெட்டியவர் என்பதும், நானும் லயத்துக் காம்பிராவில்தான் பிறந்தேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பிறருக்கு நினைவுபடுத்த வேண்டிய அவசியம் முப்பது வருஷமாக வரவில்லை, அவ்வளவுதான்.

பையன் வேலை செய்யும் இடம் எங்கள் டவுனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் பழைய தொரை பங்களா. யாரோ குத்தகைக்கு எடுத்து வியட்நாம் ரெஸ்டோரன்ட் ஆக்கிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் பெரிய வாகனங்களில் மலையேறி வந்து, சாப்பாட்டைப் படம் பிடித்து, ஆறிய பிறகு தின்றுவிட்டுப் போகிறார்கள். பையன் அங்கே எங்களை அழைத்திருந்தான். அவன் அம்மாவும் வருவார், எல்லாம் அவன் செலவு. ஆக, அது பையன் வீட்டு விருந்துதான், என்ன, இடம்தான் பங்களா.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போன இடத்தில், பேச்சு முடிந்து சரி என்று வாயால் சொல்லும்வரை சோறு சாப்பிட மாட்டோம். அதைத்தான் கை நனைக்கக் கூடாது என்போம். டீ குடிக்கலாம், பிஸ்கட் கடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. மகளிடம் வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போவேன், உட்காருவேன், கை நனைக்காமல் எழும்பி வருவேன். புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொள்ளட்டும்.

த்ரீவீலில் போய் இறங்கியபோது வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தான். என் அப்பா இந்த வாசல் பக்கம் வந்ததே கிடையாது, பின்பக்கம் நின்றுதான் பேசுவார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அது பையன் வாங்கிக்கொடுத்த சல்யூட் என்பதை அப்போது வசதியாக மறந்துவிட்டேன்.

பையனின் அம்மா எங்களுக்கு முன்பே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இதே தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"வாங்க மொதலாளி."

உட்காரச் சொன்னேன். நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை.

வெயிட்டர் பையன் முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துச் சிங்களத்துக்கு இறங்கினான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் வெள்ளையாக ஏதோ வந்தது, மேலே இறால் தூள்.

"இது என்ன?" என்று அவனிடம் சிங்களத்தில் கேட்டேன்.

"அரிசி மாவை அவித்தது சார்."

தள்ளி வைத்தேன். வழக்கம் சோற்றை மட்டும்தான் சொல்கிறது. அரிசியே ஆகாது என்பது நான் அன்று என் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்ட சட்டம். அடுத்து மஞ்சளாக, மொறுமொறுவென்று தோசை மாதிரி ஒன்று. அரிசி மாவு. தள்ளினேன். அடுத்து சூப்பில் நூடில்ஸ், பட்டையும் அன்னாசிப்பூவும் கலந்து மணந்தது. நூடில்ஸும் அரிசி. அதையும் தள்ளினேன். ஒவ்வொரு தட்டாகத் தள்ளும்போது ஏதோ கேஸில் ஜெயித்துக்கொண்டு வருகிற மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு மட்டும் எதிர்க்கட்சி.

மனைவியும் மகளும் ஆளுக்கொரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான் தொடாததை அவர்களும் தொடவில்லை. மகள் தலையே தூக்கவில்லை. தட்டுகள் வந்தபடியே ஆறிக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு பெரிய தட்டு நிறைய இலைகள் வந்தன. புதினா, மல்லி, வல்லாரை, பெயர் தெரியாத இன்னும் நாலைந்து. பக்கத்தில் இறால், பொரித்த இறைச்சி. ஒரு கிண்ணத்தில் வெந்நீர். கூடவே கண்ணாடிக் கடதாசி மாதிரி வட்டத் தாள்கள். வெயிட்டர் வாய் திறப்பதற்குள் என் மனைவி அவனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டாள்.

"இது வெறும் எலைங்க" என்றாள். "எலையும் எறாலும். சோறே இல்ல. இதச் சாப்பிட்டா என்ன வந்துரப் போவுது?"

"இந்தத் தாள் என்ன?"

"அது சும்மா சுத்துறதுக்குங்க."

கடையில் பைப் மூட்டுக்குச் சுற்றும் டேப் விற்கிறவன் நான். சும்மா சுற்றுவதற்கு என்றால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். பசியும் பக்கத்தில் நின்று சிபாரிசு செய்தது. தாளை நனைத்து, உள்ளே எல்லாவற்றையும் அடைத்துச் சுற்றினேன். இரண்டு பக்கமும் பிதுங்கியது. பையனின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "குடுங்க மொதலாளி" என்று வாங்கி, வெற்றிலை மடிக்கிற மாதிரி நாலே மடிப்பில் இறுக்கமாக மடித்துத் தந்தார். விரல் நுனியில் கொழுந்துக் கறை இன்னும் போகாத கை. என் அம்மாவின் கையும் இப்படித்தான் இருந்தது.

சோஸில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் குசினிக் கதவு திறந்தது. பையன் வெள்ளைக் கோட்டோடு வேகமாக வந்தான்.

"ஐயா, ஒரு நிமிஷங்க."

கை அந்தரத்தில் நின்றது.

"அந்தத் தாளும் அரிசிதாங்க. அரிசி மாவுலதான் செய்யிறது. நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு ஒங்க மக சொல்லியிருந்தாங்க. தெரியாம சாப்பிட்டுட்டு நாளைக்கு நீங்க வருத்தப்படக் கூடாதுங்க."

என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நல்லா கெடுத்தீங்க தம்பி" என்றாள். காலி சிலிண்டரின் மர்மம் எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

பையன் பேசி முடிக்கவில்லை. "ஒங்களுக்குன்னு தனியா மரவள்ளிக்கெழங்கு அவிச்சு வச்சிருக்கேங்க. தொட்டுக்கக் காரமா கட்டச் சம்பலும் இருக்கு. அதுல அரிசி இல்ல. வயிறார சாப்பிட்டுட்டு, ஒங்க மனசுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க" என்றான்.

மரவள்ளிக்கிழங்கு. என் அப்பாவின் சம்பளம் பத்தாத நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அதுதான். டவுனுக்கு வந்த பிறகு வீட்டில் அதை அவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, மாதத்தில் இரண்டு நாள் கடையின் பின்னால் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து தின்கிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மகளைப் பார்த்தேன். இப்போதும் அவள் தலை தூக்கவில்லை, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்தப் பயல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் தின்றிருப்பேன், அவன் ஜெயித்திருப்பான். வேண்டாம் என்று சொல்ல வந்தவனுக்குக் கிழங்கையும் அவித்து வைத்துவிட்டு, போய் வாருங்கள் என்று வழிவிடுகிறான். அப்புறம் கோபம் போய் வெட்கம் வந்தது. நன்றாகவே வந்தது. கடையில் ஒரு ஆணியில் துரு இருந்தால் நானாக எடுத்துச் சொல்லி விற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தம்மாவின் தட்டு காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்க ஏன் ஒண்ணும் சாப்பிடல?"

"பொண்ணு வீட்டுக்காரங்க கை நனைக்காம நான் எப்படிங்க மொதலாளி? காலையில இருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல" என்றார். "வயித்துல போனாத்தான் ஆச்சா? நீங்க நல்ல வார்த்த சொன்னா போதும்."

ஐந்து பேர், மேசை நிறைய சாப்பாடு, ஒருவர் வாயிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் என் ஒருவனின் கௌரவத்துக்காக.

கையில் இருந்த சுருளைத் தட்டில் வைத்தேன். மகளின் முகம் வெளிறியது.

"தம்பி, ஒங்க குசினியில சோறு இருக்கா?" என்று கேட்டேன். "இந்த மாவு, தாளு எல்லாம் சேத்தி இல்ல. வெறும் சோறு."

பையன் விழித்தான். "மெனுவுல இல்லைங்க ஐயா. ஸ்டாஃபுக்கு ஆக்கினது இருக்கு. சோறும் பருப்பும்தான்."

"அதக் கொண்டாங்க. எல்லாருக்கும் போடுங்க. கெழங்கையும் விட்றாதீங்க."

அவன் ஓடினான். பக்கத்து மேசையில் கொழும்புக் குடும்பம் ஒன்று நூடில்ஸைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி, பங்களாவின் நடு ஹாலுக்கு, ஒரு அலுமினியச் சட்டியில் சிவப்பரிசிச் சோறு ஆவி பறக்க வந்தது. வெந்நீர்க் கிண்ணத்தில் கையைக் கழுவினேன். பையனே பரிமாறினான். நான் பிசைந்து முதல் வாய் வைக்கும்வரை அந்தம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் தட்டில் கை வைத்தார். மகள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

"மாப்பிள, அம்மாவுக்குப் பருப்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.