அக்கா போடாத கையெழுத்து

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படகுப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் 'டெஸ்டர்'. சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பதினேழு வருடமாகப் படகுகளுக்கு ஒயரிங் செய்கிறாள். சேர்ந்த புதிதில், "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஏன், ஒயரு ஆள் பார்த்தா கரண்டு விடுது?" என்று திருப்பிக் கேட்டவள். நான் அதே பட்டறையில் பெயிண்டர். யார் சத்தம் போட்டாலும் தலையாட்டிவிடுகிற ஜென்மம்.

முதலாளியின் சொந்தப் படகுக்கு ஆறு கேபின். ஒயரிங் அவள், பெயிண்ட் நான். தண்ணீரில் இறக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பன்னிரண்டு வோல்ட் விளக்குகள் எல்லாம் அழுதுவடிந்தன. ஒன்றைப் போட்டால் சுமாராக எரியும், ஆறையும் போட்டால் சுத்தம். எஞ்சின் மெக்கானிக் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை காட்டியது.

"கரண்டு ஜோரா வருது. இந்தம்மா மட்டமான லைட்டை மாட்டியிருக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதலாளி, 'மட்டம், மட்டம்' என்று எல்லோர் முன்னாலும் தாம்தூமென்று குதித்தார். மறுநாள் காலையில் அக்காவிடம் ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். 'மட்டமான சாமான் போட்டது என் தவறு' என்று அவள் சொல்வதுபோல் அதில் டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டா வேலையில இருக்கலாம். இல்லேன்னா கேட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது."

நான் அவளை ஓரமாக இழுத்தேன். "போட்டுத் தொலையேன்க்கா. ஒரு கையெழுத்துதானே!"

"செய்யாத தப்புக்கு நான் எதுக்குடா போடணும்? போய் உன் பிரஷ்ஷைக் கழுவு!"

நேராகப் படகில் ஏறினாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

"பல்பைக் கழட்டிட்டு அளந்தா எல்லா ஒயரும் யோக்கியன்தான். எரியும்போது அளக்கணும்" என்று ஆறு விளக்கையும் போட்டாள். பேட்டரியில் பன்னிரண்டரை, விளக்கில் எட்டு. மெக்கானிக் தொண்டையைச் செருமினார். அக்கா ஒரு நீள ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை மீட்டரோடு இழுத்துக்கொண்டே விளக்குகளிலிருந்து திரும்பி வரும் ஒயரைத் தொடர்ந்தாள். தொட்ட இடமெல்லாம் மீட்டர், காணாமல்போன நாலரை வோல்ட்டைக் காட்டியது. கடைசிக் கேபினில், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பலகையைக் கழற்றினாள். உள்ளே, திரும்பி வரும் ஒயர்கள் எல்லாம் சேருகிற பித்தளைப் பட்டை.

பட்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

'உள்ளே எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கணும்' என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒயரில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாதென்று ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி, பட்டைக்கு இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு ஒயர்களைப் பெயிண்டுக்கு மேலேயே வைத்து முடுக்கியவன் நான். எவ்வளவு சுத்தமான வேலை என்று அன்றைக்கு நின்று ரசிக்கவும் செய்தேன், பாவி!

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டுக்கு வழிவிடாத பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர்களை மாட்டி முடுக்கினாள். ஆறு கேபினிலும் விளக்குகள் பளீரென்று எரிந்தன.

"சரி சரி, எரியுதில்ல? அக்கா தம்பி விவகாரம். லெட்டரை விட்டுடலாம்" என்றார் முதலாளி.

"அதெப்படி? எல்லார் முன்னாடியும் மட்டம்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லேன்னு சொல்லுங்க. இல்லேன்னா கேட்டுக்குள்ள நானே வர மாட்டேன்."

"ரொம்பத்தான் பேசுற. போறதுன்னா போ."

அவள் டெஸ்டரைப் பையில் செருகினாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, முதலாளி கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பின்பக்கம் எழுதினேன்: 'பட்டைக்குப் பெயிண்ட் அடித்தது நான். அடிக்கச் சொன்னது முதலாளி. விளக்கில் குற்றமில்லை.' கீழே என் கையெழுத்து.

"நீங்க சொல்லலேன்னா இதைக் கேட்டுல ஒட்டிட்டு நானும் போறேன்" என்றேன். இந்தத் தடவை தலை ஆடவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "லைட்டு நல்ல லைட்டுதான்" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா" என்றாள் அக்கா.