கோட்டம்மாவின் காலர்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த ஏழு பெண்களில் ஒருத்திக்குத்தான் வெள்ளைக் கோட்டு உண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், தவழும் குழந்தைகளின் அறைக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டபோது, காப்பகத்தை நடத்தும் மேடம் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. முழங்கால் வரை நீளம், நிமிர்ந்த காலர், குழந்தை வாயில் வைத்துக் கடிக்காதபடி பொத்தான்களை மூடிய மடிப்பு. அன்று முதல் அவள் கோட்டம்மா. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் மேடமே வருகைப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொல்வார்.

உடுப்பு விஷயத்தில் கோட்டம்மா வைத்ததுதான் சட்டம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல், மோதிரம், சென்ட் எதுவும் ஆகாது. முடி கொண்டைக்குள் அடங்க வேண்டும். தோடு காதோடு ஒட்டியிருக்க வேண்டும். யாராவது முணுமுணுத்தால் தன் இடது காதைத் திருப்பிக் காட்டுவாள். வேலைக்கு வந்த முதல் வருடம் தொங்கட்டான் போட்டுக்கொண்டு வந்து, ஒரு குழந்தை பிடித்து இழுத்ததில் கிழிந்த காது அது. அதற்குப் பிறகு முணுமுணுப்பு இருக்காது.

இத்தனை சட்டத்துக்கும் கட்டுப்பட்டுத்தான் ஒரு புதியவள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அதுதான் கோட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குறை இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம். நகம் சுத்தம், காது வெறுமை, கழுத்தில் ஒன்றும் இல்லை. மேலே மட்டும் தொளதொளவென்று ஒரு மஞ்சள் பருத்திச் சட்டை. காலர் இல்லை, பொத்தான் இல்லை, முழங்கையோடு நின்ற கை, முன்னால் இரண்டு பெரிய பாக்கெட், உடம்பு முழுக்க வாத்துப் படம். கோட்டம்மா முதல் நாளே அவளுக்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பெயர் அவள் வீட்டுச் சமையலறையைத் தாண்டவில்லை.

கோட்டம்மா எப்போதும் முக்காலியில் உட்கார்ந்துதான் குழந்தைகளைப் பார்ப்பாள். தரையில் உட்கார்ந்தால் கோட்டு கசங்கிவிடும். வாத்தோ வந்த அரை மணி நேரத்தில் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். குழந்தைகள் அவள் முதுகில் ஏறி, பாக்கெட்டுக்குள் கையை விட்டு, வாத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, எச்சிலில் குளிப்பாட்டின. அவளும் சிரித்துக்கொண்டே கிடந்தாள்.

போகட்டும் என்று விட்டிருப்பாள் கோட்டம்மா, பூசணி மட்டும் போகாமல் இருந்திருந்தால்.

பூசணி பதினான்கு மாதப் பெண் குழந்தை. பெயருக்கேற்ற கன்னம். ஐந்து மாதமாகக் கோட்டம்மாவின் வலது தோளைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். மதியம் கோட்டம்மா அவளைத் தோளில் சாய்த்து, "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்று மூன்று தட்டு தட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி மூன்று தட்டு தட்டுவாள். நாலாவது சுற்றுக்குள் பூசணி உறங்கிப்போவாள். கோட்டம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறாள் என்று சொன்னால் அது மிகையே இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், தட்டிக்கொண்டிருந்த கோட்டம்மாவின் தோளிலிருந்து பூசணி நிமிர்ந்தாள், வாத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். வாத்து வாங்கிக்கொண்டாள். தட்டக்கூட இல்லை. அந்த மஞ்சள் சட்டையில் கன்னம் பட்டதும் குழந்தை தூங்கிவிட்டது.

கோட்டம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமைதான்.

வீட்டில் அவள் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது கணவரின் வேலை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கை சும்மா இருந்தால் அவருக்குத் தலைவலி வரும். அன்று மாலை அவள், "இனிமே கஞ்சி மூணு கரண்டி போடுங்க" என்றாள்.

"எப்பவும் ஒண்ணுதானே?"

"மூணு போடுங்கன்னா போடுங்களேன். அவ கந்தலுக்கு முன்னாடி நான் எப்படி நிக்கிறேன்னு நாலு பேரு பாக்கட்டும்."

மறுநாள் அவர் கோட்டை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "இது கோட்டா, கதவா? தானா நிக்குது பாரு. நீ வீட்டுல இரு, இதை மட்டும் வேலைக்கு அனுப்பிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். காலர் கழுத்தை அறுத்தது. அறுக்கட்டும் என்று இருந்தாள். பூசணியைக் காலையில் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, மதியம் வரை இறக்கிவிடவில்லை. குழந்தை நெளிந்தது, வாத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கோட்டம்மா அதன் தலையை மெல்ல அமுக்கித் தன் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பூசணியின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வங்கியில் வேலை பார்ப்பவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். குழந்தையின் இடது கன்னத்தைத் திருப்பி மேடமிடம் காட்டினாள். காதோரத்திலிருந்து தாடை வரை சிவந்த ஒரு கோடு, ஓரமெல்லாம் பொரிப்பொரியாக.

"ரெண்டு நாளா இருக்கு மேடம். கொசு கடிச்சிருக்கும்னு நினைச்சேன். இன்னைக்கு அதிகமா இருக்கு."

மேடம் கோட்டம்மாவைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக இப்படி ஏதாவது வந்தால் மேடம் பார்ப்பது அவளைத்தான்.

கோட்டம்மாவின் வாய் யோசனைக்கு முன்னால் ஓடியது. "சாயம் மேடம். அந்த மஞ்சள் சட்டை. எச்சில் பட்டா சாயம் இறங்காதா? குழந்தை அதுலதானே முகத்தை வச்சுத் தேய்க்குது."

வாத்து ஒரு அடி முன்னால் வந்தாள். "இல்ல மேடம், இது நூறு தடவை துவைச்ச சட்டை. என் பொண்ணே இதுல படுத்துத்தான் வளந்தா."

"இருக்கட்டும்மா" என்றார் மேடம். "கொஞ்ச நாளைக்குக் குழந்தைங்களைத் தூக்க வேண்டாம். பின்னாடி பாட்டில் கழுவுற வேலையைப் பாரு. திங்கட்கிழமை முடிவு பண்ணலாம்." முடிவு என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வாத்து பின்கட்டுக்குப் போனாள். போகும்போது கோட்டம்மாவை அவள் முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறைக்கவில்லை. "அக்கா, பூசணிக்கு மூக்கு அடைச்சிருக்கு, கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோட்டம்மா ஜெயித்துவிட்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பூசணி அவளுடைய தோளில்தான். அழுது, சிணுங்கி, வேறு வழியில்லாமல் தூங்கினாள். பின்கட்டிலிருந்து பாட்டில் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தத் தலை தூக்கத்திலும் ஒருமுறை அசைந்தது. கோட்டம்மாவுக்கு அந்தச் சத்தத்தின் மேலும் பொறாமை வந்தது.

சனிக்கிழமை காலை, காப்பகம் விடுமுறை. வீட்டில் கணவர் அவளுக்குக் காபியைக் கொடுத்துவிட்டுக் கழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்னது இது, கோடு போட்டாப்புல செவந்திருக்கு? ஓரமெல்லாம் பொரிஞ்சிருக்கு. மருந்து எதாவது தடவுறதுதானே?"

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கண்ணாடி முன் போனாள். காதுக்குக் கீழே ஆரம்பித்து, நேராக இறங்கி, காலர் முடியும் இடத்தில் முடிந்தது. கொடியில் காய்ந்த கோட்டை எடுத்து வந்து, காலரின் விளிம்பைத் தன் இடது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அட்டையின் ஓரம்போல் இருந்தது. தூங்கும் குழந்தை அந்த ஓரத்தில்தான் அரை மணி நேரம் கன்னத்தை வைத்திருந்தது. அசையவிடாமல் தலையை அமுக்கிப் பிடித்தது யார் கை என்று கேட்க வேண்டியதே இல்லை.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"வாத்து இல்லங்க" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு, பழையபடி ஒரு கரண்டிக் கஞ்சியே போடச் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். கோடு தானாக ஆறியிருக்கும், சாயம்தான் காரணம் என்று அதுவே சாட்சி சொல்லியிருக்கும், திங்கட்கிழமை வாத்து வீட்டுக்குப் போயிருப்பாள். கோட்டம்மா சனி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்வானேன். ஞாயிறு மதியம் கோட்டை இரண்டு தண்ணீரில் அலசினாள். கஞ்சி போனது, காலர் போகவில்லை. உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்தது, விறைத்துக்கொண்டே நின்றது. வேறு உடுப்பு தேடினாள். பாதி கோட்டுக்கு அடியில் போட்டுப் போட்டு இற்றுப்போனவை, மீதி மணியும் சரிகையுமாக விசேஷத்துக்கு ஆனவை. கடைசியில் கணவரின் பழைய டிரைவர் சட்டை கையில் அகப்பட்டது. பத்து வருடம் வேர்வையிலும் துவையலிலும் நைந்து, குழந்தையின் காதுமடல்போல் மெத்தென்றிருந்தது. காலரைப் பிரித்தெடுத்தாள், பொத்தான்களை வெட்டினாள், முன்பக்கத்தைச் சேர்த்துத் தைத்தாள்.

"டிரைவர் வேலைக்குக் கிளம்பிட்டாப்புல இருக்கே" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, அந்தக் காக்கிச் சட்டையோடு வாசலில் நுழைந்த பெண்ணை ஆயாக்கள் யாரோ என்று பார்த்தார்கள். மேடம் இருந்தார், பூசணியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். வாத்து பின்கட்டுக்குப் போகும் வழியில் நின்றிருந்தாள். கோட்டம்மா கோட்டை மேசை மேல் வைத்தாள்.

"சாயம் இல்ல மேடம். என் காலர். நான்தான் கஞ்சியை அதிகமாப் போடச் சொன்னேன்." தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். "புள்ளை அவகிட்ட போகுதுன்னு எனக்குப் பொறுக்கல. அதான் பழியைத் தூக்கி அவ மேல போட்டுட்டேன்."

பூசணியின் அம்மா அந்தக் கழுத்தையும் தன் குழந்தையின் கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மேடம் கோட்டை எடுத்து, காலரை விரலால் ஒருமுறை தடவி, தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "மதியத்துக்கு மேல உன்கிட்ட பேசணும்" என்றார். பிறகு வாத்திடம் திரும்பி, "நீ உள்ள போம்மா" என்றார்.

கோட்டம்மா வழக்கம்போல் பூசணியை வாங்கக் கையை நீட்டினாள். குழந்தை அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, வீலென்று அழுதது. கோட்டு இல்லாத அவளை அதற்குத் தெரியவில்லை. வாத்து கையில் வாங்கியதும்தான் அடங்கியது.

மதியம் கோட்டம்மா முக்காலியைத் தள்ளிவிட்டு, முழங்கால் இரண்டும் மடமடக்கத் தரையில் உட்கார்ந்தாள். எதிரே வாத்தின் மடியில் பூசணி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கோட்டம்மாவின் வாய் பழக்கத்தில், "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்றது. பூசணி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஆனால் வரவில்லை. மஞ்சள் சட்டையிலேயே கன்னத்தை வைத்து உறங்கிப்போனாள். கோட்டம்மாவின் வயிறு அப்போதும் எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டதால் அது அணையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாத்து மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எனக்குக் கை மரத்துப்போச்சு. கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?"

அந்தக் கை மரத்திருக்கவில்லை. காலை முழுக்க நாலு குழந்தைகளைத் தூக்கிச் சுற்றிய கை அது, ஒரு விரல்கூட நடுங்கவில்லை. பொய் என்று கோட்டம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் வாங்கினாள்.

பூசணி உதட்டைச் சப்பிக்கொண்டு காக்கிச் சட்டையில் அமிழ்ந்தாள். கோட்டம்மா மூன்று தட்டு தட்டி, ஒரு மூச்சு நிறுத்தினாள். அவளிடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று நினைத்தாள். அதற்கும் சேர்த்து அவள் மேல் பொறாமையாக இருந்தது.