மார்கழிக்கு அடைத்த ஜன்னல்

நாங்கள் தண்டையார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். போன மார்கழியில் என் ஏழு மாதக் குழந்தைக்குச் சளி விடவே இல்லை. சமையலறை ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியாது. காலையில் கடல்காற்று சில்லென்று உள்ளே வரும். அதனால் நானும் கணவரும் பழைய பேனரை வெட்டி, இடுக்குகளில் துணியைத் திணித்து, டேப் ஒட்டி அதை அடைத்துவிட்டோம். வீடு கதகதப்பாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அந்த ஜன்னலுக்கு எதிரில்தான் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் குளியலறை. மகன் ஹார்பருக்கு வேலைக்குப் போனபிறகு அவர் தனியாகத்தான் இருப்பார். ஜன்னலை அடைத்த மூன்றாம் நாள் காலை, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியாமல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்தடி தூரத்தில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. மதியம் சாப்பிட வந்த மகன்தான் அவரைத் தூக்கினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், “இன்னா செல்வி, எப்போ வந்தே? உன் வூட்டுக் குக்கர் சத்தங்கூட கேக்கல. அம்மா வூட்டுக்குப் போய்கீறேன்னு நெனச்சிக்கினேன்” என்றார்.

“வூட்லதான்கா இருந்தேன். குளுருதுன்னு ஜன்னல அடச்சிட்டேன்” என்றேன்.

“பச்சப்புள்ளைக்குக் குளுருமே, நீ இன்னா பண்ணுவே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன். இப்போது குளிருக்குக் குழந்தைக்குத்தான் குல்லாவும் ஸ்வெட்டரும். தினமும் அக்காவைக் குளிக்கவைத்து, கட்டிலில் உட்காரவைத்த பிறகே என் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அவர் இன்னும் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.