கரண்ட் கோச்சிக்கு அடித்த சிவப்புக் கட்டைகள்

1. வடையும் போனும்

“சேவே ஐயா, உடன வாங்கோ! உங்கட கட்டையால என்ர பிள்ளையின்ர கலியாணம் நிக்குது!”

பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நான் உளுந்து வடையை வாயில் வைத்த நேரம் வந்த போன் இது. பேசியவர் உருத்திரபுரத்துக் கமக்காரர் சிவநேசன். அன்று அவருடைய மகளுக்குக் கலியாணம். எனக்கும் கார்ட் தந்திருந்தார். பந்தி போடும் நேரம் பார்த்துத் தலையைக் காட்டலாம் என்று இருந்தேன்.

“என்ன கட்டை அண்ணை?”

“நீங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில அடிச்ச சிவப்புக் கட்டைதான்! மாப்பிளை வீட்டுக்காரர் வற்றாப்பளையில இருந்து வந்து ரயில் கடவைக்கு அங்கால நிக்கினம். தாண்டமாட்டம் எண்டு நிக்கினம். பத்து மணியோட சுபநேரம் முடியுது. ஓடி வாங்கோ ஐயா!”

கடை மணிக்கூட்டில் ஒன்பது ஐந்து. வடையைக் கையில் பிடித்தபடியே மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அதை எங்கே விழுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

2. அந்தச் சிவப்பு யாருடைய மூளை?

இந்த இடத்தில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூளை என்னுடையதுதான்.

நான் ரயில் பாதை அளவை வேலையில் கிழடானவன். பிறந்தது வவுனியா என்றாலும் சேவையின் பெரும்பகுதி மலைநாட்டிலும் தெற்கிலும் கழிந்தது. பென்ஷன் எடுத்த பிறகு ஒரு சேவே கம்பனி, அதாவது நில அளவைக் கம்பனி, என்னைக் கூப்பிட்டு, வடக்குப் பாதையை மின்மயமாக்குவதற்கான ஆரம்ப அளவைக்கு அனுப்பியது. கரண்ட் கோச்சி, அதாவது மின்சார ரயில், ஓட வேண்டுமென்றால் தண்டவாளத்துக்கு மேலே கம்பி போக வேண்டும். கம்பியைத் தாங்க மாஸ்ட் வேண்டும். மாஸ்ட் எங்கே வரும் என்று காட்ட முதலில் ஒரு மரக்கட்டை, அதாவது பெக், அடிக்க வேண்டும். என் வேலை அந்தக் கட்டை. கரண்ட் கோச்சி வருகுதாம் என்ற கதையை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். பைல் திறக்கும், மூடும், பிறகு வேறொருவர் வந்து திறப்பார்.

முதல் தடவை வெள்ளைக் கட்டை அடித்தோம். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் அடித்த இடத்தில் ஒன்றையும் காணவில்லை! பிடுங்கிக்கொண்டு போன ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. நாலைந்தில் பயற்றங்காய்க் கொடி ஏறியிருந்தது. ஒன்று ஒரு வீட்டுக் குசினிக் கதவுக்கு முட்டாக நின்றது. அந்த வீட்டு அம்மா எனக்குத் தேத்தண்ணியும் தந்து, “நல்ல கட்டை ஐயா, இன்னும் ரெண்டு கிடக்கோ?” என்று கேட்டா.

கொழும்பிலிருந்த எஞ்சினியர் போனில் குதித்தார். “என்ன மிஸ்டர், கரண்ட் கோச்சியில ஆடு கட்டுறதா?”

அப்போதுதான் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரிச் சொன்னேன்: “சேர், கட்டையின்ர தலைக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பம். ஒருத்தரும் தொடமாட்டினம்.”

சொன்னபடியே நடந்தது. ஒரு கிழமையாக ஒரு குஞ்சு குருமன்கூடக் கட்டைக்குக் கிட்டே வரவில்லை. மாடுகளைக்கூடச் சுற்றிச் சாய்த்துக்கொண்டு போனார்கள். நான் எஞ்சினியருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தேன். தலையில் சிவப்புப் பூசிய கட்டை என்றால் வன்னியில் மிதிவெடிக் காணியின் எல்லை என்பது அந்தப் பெருமைக்குள் எனக்கு உறைக்கவே இல்லை. வவுனியாவில் பிறந்தவனுக்கு! இதை எழுதும்போதும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

3. கூறைத் தட்டத்தோடு நின்றவர்

கடவையில் நான் கண்ட காட்சி இது. தண்டவாளத்துக்குக் கிழக்கே பூச்சோடித்த கார், இரண்டு வான், ஒரு பஸ். தலைப்பாகையோடு மாப்பிள்ளை வியர்த்து வழிகிறார். மேளகாரர் தவிலை மடியில் வைத்துக்கொண்டு மரநிழலில் குந்தியிருக்கிறார்கள். மேற்கே சிவநேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார். கிழக்கே, கட்டைகளுக்கு முன்னால், பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் கூறையும் தாலியும் வைத்த தட்டத்தோடு ஒரு பெண். மாப்பிள்ளையின் அக்கா, பெயர் வதனி.

“நீங்களோ கட்டை அடிச்சது?” என்று கேட்டா.

“ஓம் பிள்ளை. அது கரண்ட் கோச்சிக்கு...”

“நான் மிதிவெடி எடுக்கிற வேலையில ரீம் லீடர். பதினொரு வருசம். சிவப்புக் கட்டையைத் தாண்டி ஒரு சனத்தையும் நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன்.”

நான் மாஸ்ட் வரைபடத்தை விரித்தேன். வடிவாக வாசித்தா. ஒவ்வொரு இலக்கத்திலும் விரல் வைத்தா. “சரி, விளங்குது” என்றா. எனக்கு உயிர் வந்தது. “ஆனா கட்டை நிக்கும்மட்டும் நாங்களும் நிப்பம்” என்றா. வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது.

மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து கெஞ்சினார். “அக்கா, நேரம் போகுது அக்கா!”

“நீ வாயை மூடிக்கொண்டு இரடா. கலியாணம் கட்டக் கால் ரெண்டும் வேணும்.”

சனம் கொல்லென்று சிரித்தது. அடுத்த கடவையால் சுற்றிப் போகலாமே என்று யாரோ சொன்னார்கள். சுற்றினால் நேரம் தப்பிவிடும். அதோடு அங்கேயும் நான் கட்டை அடித்திருந்தேன். வேலையில் நான் அவ்வளவு ஒழுங்கு!

“எங்கட றூல் ஒண்டிருக்கு,” என்றா வதனி. “அடிச்ச ஆள்தான் கழட்டவேணும். இஞ்ச நிண்டு பாத்தால் தெரியிற கட்டை எல்லாம்.”

எண்ணினேன். ஆறு கட்டை. ஒவ்வொன்றும் நாள்கணக்காய் வெயிலில் நின்று, சென்டர் லைனிலிருந்து அளந்து, லெவல் பார்த்து அடித்தது. பிடுங்கினால் திரும்பவும் முதலிலிருந்து. எஞ்சினியரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்தில், வேலிக்கு அப்பால் ஒரு வீட்டில் அலங்கரித்து இருத்தி வைத்திருக்கும் சிவநேசனின் மகளின் முகமும் வந்தது. அந்தப் பிள்ளை எங்களுக்குத் தினமும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தவள்.

“அண்ணை, அலவாங்கு கொண்டாங்கோ!” என்று கத்தினேன்.

4. மேளத்தோடு பிடுங்கல்

மணி ஒன்பது இருபத்தைந்து. முதல் கட்டை அசையவில்லை. நான் அடித்தது அல்லவா! அலவாங்கின் இரும்பு முனையைக் கொடுத்துக் கிண்டி, முழங்காலில் நின்று இழுத்தேன். கட்டை வந்தது, நான் மல்லாக்க விழுந்தேன். சனம் கைதட்டியது. மரநிழலில் இருந்த நாதஸ்வரக்காரருக்கு என்ன தோன்றியதோ, எழும்பி ஊதத் தொடங்கினார். தவிலும் சேர்ந்தது. இரண்டாம் கட்டைக்கு நான் ஓட, அவர்கள் தாளத்தைக் கூட்டினார்கள். “ஐயா, விடாதேங்கோ!” என்று பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். எனக்கும் வெறி பிடித்துவிட்டது. மூன்று, நாலு! சேர்ட் கிழிந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் நான் அப்படி வேலை செய்ததில்லை.

ஐந்தாவதுக்குப் போகும்போது யாழ்ப்பாணத்துக்குப் போகும் ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பழைய டீசல் எஞ்சின், புகை கக்கிக்கொண்டு. எல்லோரும் விலகி நின்றோம். சேறு பூசிய கிழவன் கட்டைகளை அணைத்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் மேளம் முழங்குவதைப் பார்த்து யன்னல் முழுக்கக் கை அசைந்தது. நானும் கட்டையால் கை காட்டினேன்.

ஒன்பது நாற்பதுக்கு ஆறாவது கட்டையை வதனியின் காலடியில் போட்டேன். அவா ஒவ்வொரு குழியையும் போய்க் குனிந்து பார்த்தா. திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டத்தோடு தான் முதலில் தனியே தண்டவாளத்தைத் தாண்டினா. அங்கால் நின்று கையைக் காட்டினா. அதன்பிறகுதான் மாப்பிள்ளையின் கார் அசைந்தது.

தாலி ஏறும்போது பத்துக்கு ஆறு நிமிடம். சிவநேசன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் சேர்ட்டிலிருந்த சேறெல்லாம் அவருடைய சால்வைக்குப் போனது.

5. பந்தியில்

பந்தியில் எனக்குப் பாயாசம் வார்க்க வதனியே வந்தா. பக்கத்து இலைக்காரர் பகிடி விட்டார்: “ஐயா, கரண்ட் கோச்சி வாறதுக்குள்ள இந்தப் பிள்ளையளுக்குப் பேரன் பிறந்திடும் போல!”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் எனக்குள் இருந்ததைக் கேட்டேன். “பிள்ளை, வரைபடத்தைப் பாத்த உடன உமக்கு விளங்கினது. பிறகேன் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினனீர்?”

“வரைபடத்துக்கு முதலே தெரியும் ஐயா. மிதிவெடிக் கட்டை இப்பிடி ஒரே இடைவெளியில நேர்கோட்டில நிக்காது.”

“அப்ப?”

“அந்த பஸ்ஸில இருபது சின்னப் பிள்ளையள் இருந்தவை. இண்டைக்கு நான் சிவப்புக் கட்டையைத் தாண்டிக் காட்டினால், நாளைக்கு அதுகள் உண்மையான கட்டையையும் தாண்டுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் எங்களுக்கு இன்னும் வேலை கிடக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் பாயாசம் வார்க்கப் போய்விட்டா. தம்பியின் கலியாண நேரம் தப்பினாலும் பரவாயில்லை என்று நின்ற பெண்ணின் முன்னால், மலிவாய்ச் சிவப்புப் பெயின்ட் பூசிய என்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

மற்றக் கட்டைகளையும் அந்தக் கிழமையே பிடுங்கினோம். என்ன நிறம் பூசலாம் என்று வதனியிடம் போன் போட்டுக் கேட்டேன். “நீலம் அடியுங்கோ. நீலத்துக்கு இஞ்ச ஒரு அலுவலும் இல்லை” என்றா. நீலக் கட்டைகளில் இரண்டில் இப்போது ஆடு கட்டியிருக்கிறது. கட்டட்டும். நான் திரும்பவும் அளப்பேன்.

மாத முன்னேற்ற அறிக்கையில் தாமதத்துக்கான காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். மழை, வெள்ளம், யானை என்று சேவைக்காலம் முழுக்க அதில் எழுதி வந்தவன் நான். அந்த மாதம் “என் பிழை” என்று எழுதினேன்.

கட்டை அடிக்கப் போகும் தம்பி தங்கச்சிமாரே, லெவல் பார்க்க உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். பெயின்ட் ரின்னைத் திறக்க முதல், அந்த நிறம் அந்த ஊரில் யாருடைய உயிரைக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள்.